கட்டிலைத் தேடிப் போனோம்

பாளையங்கோட்டையில் ஓர் ஆசிரியை ஓய்வு பெற்றால் ஊர் அவளைச் சும்மா இருக்க விடாது. பேரப்பிள்ளை இருந்தால் அதைச் சாக்காகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். என் பிள்ளைகள் அந்த உதவியை இன்னும் எனக்குச் செய்யவில்லை. அதனால் நான் சமூக சேவையில் மாட்டிக்கொண்டேன்.

மாட்டிவிட்டது ஒரு காற்று மெத்தை. அம்மா கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது, முதுகில் புண் வராமலிருக்க அது வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் கார் கொட்டகையில் கிடைக்கும் என்று வழியும் சொன்னார். அந்தக் கொட்டகையில் கார் இருந்ததே இல்லை. சக்கர நாற்காலிகள், வாக்கர்கள், கமோடு நாற்காலிகள், கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும் ஆஸ்பத்திரிக் கட்டில்கள் என்று ஓர் உதவி அமைப்பினர் அடைத்து வைத்திருந்தார்கள். நோயாளி இருக்கும் வீட்டார் யார் வந்து கேட்டாலும் காசில்லாமல் கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா போன பிறகு அந்த மெத்தையைக் கழுவி, நிழலில் காயவைத்து, மோட்டாரைத் துடைத்து, குழாயைச் சுருட்டி ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அமைப்பின் தலைவர் அதைப் பிரித்துப் பார்த்தார். தடவிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"டீச்சர், எவ்வளவோ வருசமா இத நடத்துதேன். சுத்தமாக் கொண்டுவந்த மொத ஆளு நீங்கதான். நாளைக்குக் காலையில வந்துருங்க."

எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. பாராட்டில் மயங்கிவிட்டேன். மறுநாள் காலையில் போனபோது ஒரு வாளித் தண்ணீரும் பினாயிலும் எனக்காகத் தயாராக இருந்தன.

தலைவர் கருவூலத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டதே தவிர, அவர் அரசாங்கத்தை விட்டு வந்ததாகத் தெரியவில்லை. வாக்கர் கேட்டு வருகிறவர் எழுந்து நிற்க முடியாத மாமனாருக்காக வந்திருப்பார். தலைவர் அவரை உட்காரவைத்து விதிமுறைகளை முதலிலிருந்து கடைசிவரை சொல்லுவார். சாமானை வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது. திருநெல்வேலி மாவட்டத்தைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. மூன்று மாதத்தில் திருப்பித் தர வேண்டும். கேட்கிறவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். மாமனார் அங்கே வீட்டில் காத்துக்கொண்டிருப்பார்.

எங்களோடு மேலப்பாளையத்து பாய் ஒருவர் உண்டு. மெத்தைக் கடை வைத்திருக்கிறார். கட்டில்களுக்கு மெத்தை அவர் உபயம். அவருடைய குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டிதான் எங்களுக்கு வாகனம், அவர்தான் ஓட்டுநர். உபயம் என்று அவர் எங்கேயும் எழுதிக்கொண்டதில்லை. மற்றவர்கள் அப்படி இல்லை. ஒரு வாக்கரைக் கொடுக்க ஒன்பது பேர் வந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். போட்டோவில் ஒன்பது பேரும் தெரிவார்கள், வாக்கர் தெரியாது. பின்னால் நாங்கள் தேடிப் போன அந்தக் கட்டிலைக் கொடுத்த ஜவுளிக்கடைக்காரர், தலைமாட்டுப் பலகையில் தம் குடும்பத்தார் அத்தனை பேர் பெயரையும் எழுதச் சொல்லியிருந்தார். இடம் போதாமல் கடைசி மருமகள் காலில் ஏறிவிட்டாள். நோயாளியின் காலில் அல்ல, கட்டிலின் காலில்.

தலைவர் தம் பங்குக்குக் கால்மாட்டுப் பலகையில் சிவப்புப் பெயின்டில் 'மூன்று மாதத்தில் திருப்பித் தரவும்' என்று எழுதவைத்தார். கட்டிலைச் சுற்றி நிற்கிற உறவினர் கண்ணில் படட்டும் என்பது அவர் கணக்கு. ஆனால் எழுத்து உள்பக்கமாக அமைந்துவிட்டது. படுத்திருக்கிறவர் கண்ணை விழித்தால் முதலில் தெரிவது அதுதான். இதை நான் ஒருமுறை சொன்னேன். "அவங்களும் தெரிஞ்சுக்கிடட்டும்" என்றார்.

சேவைக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு விஷயம் புதிராக இருந்தது. துக்கம் நடந்த வீட்டிலிருந்து சாமான் உடனே திரும்பி வந்துவிடும். அதைப் பார்க்கவே அவர்களுக்குப் பிடிக்காது. நோயாளி எழுந்து நடமாடத் தொடங்கிவிட்ட வீட்டிலிருந்துதான் வராது. சந்தோஷத்தில் மறந்துவிடுவார்கள். வாக்கரில் துண்டு காயும். கமோடு நாற்காலியில் ரோஜாத் தொட்டி உட்கார்ந்திருக்கும். ஒரு வீட்டில் எங்கள் சக்கர நாற்காலியில் கேஸ் சிலிண்டர் சவாரி செய்வதை நானே பார்த்தேன். ஆகவே ஒரு சாமான் வெகுநாள் திரும்பவில்லையென்றால் மனதுக்குள் நல்லது என்று நினைத்துக்கொள்வேன். தலைவரிடம் சொல்ல மாட்டேன்.

இப்படி இருக்கையில் தலைவர் விழுந்தார்.

எப்படி விழுந்தார் என்பதை அவர் இன்றுவரை 'தரை வழுக்கியது' என்றே சொல்லிவருகிறார். நான் அங்கே இருந்தேன். வாக்கர் வாங்க வந்த ஒரு குடும்பத்துக்கு, அதை எப்படிப் பிடிக்க வேண்டும், எப்படி முன்னால் வைத்து அடியெடுக்க வேண்டும் என்று நடந்து காட்டினார். "பாத்துக்கிடுங்க, இப்படிப் பிடிச்சா விழவே மாட்டீங்க" என்று சொல்லி முடிக்கவும், வாக்கர் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் போனார்கள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வாக்கர் வாங்க வந்தவர்களே அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்குப் போனதும் தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டிலில்தான் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொட்டகையில் ஒரு கட்டில்கூட இல்லை. எல்லாம் வெளியே போயிருந்தன.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடியே தலைவர் உத்தரவு போட்டார். "விக்கிரமசிங்கபுரத்துக்கு ஒரு கட்டில் போச்சுல்லா? மில் தொழிலாளி ஒருத்தருக்கு. போயி வருசம் ஆவுது. போன் போட்டா, இந்தா அந்தாங்காங்க. அத எடுத்துட்டு வாங்க."

சனிக்கிழமை காலையில் பாயும் நானும் குட்டியானையில் கிளம்பினோம். சேரன்மகாதேவி தாண்டியதும் பாய் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு, "டீச்சரம்மா, ஒண்ணு கேக்கேன். அந்த வாக்கரை அவரு சரியாத்தான் பிடிச்சாரா?" என்றார். வீரவநல்லூர்வரை சிரித்துக்கொண்டே போனோம். பாவம் சேரும் என்று அப்புறம் நிறுத்தினோம்.

விக்கிரமசிங்கபுரத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. தெருமுனையிலேயே ஓர் அம்மாள் குரல் கேட்டது. மில் சங்கு கெட்டுப்போனால் அவரை வைத்தே சமாளித்துக்கொள்ளலாம். அவருடைய கணவருக்குத்தான் பக்கவாதம் வந்து கட்டில் கொடுத்திருந்தோம். கணவரைக் காணவில்லை. சைக்கிளில் டீக்கடைக்குப் போயிருந்தார்.

"கட்டிலா? அது இங்கன இல்லையே டீச்சர்" என்றார் அந்த அம்மாள்.

"இல்லையா? எங்க போச்சு?"

"இவரு எந்திச்சு நடமாடவும், பின்தெருவுல ஒரு பொம்பள மாடிப்படியில விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா. அவளுக்குக் குடுத்தேன். அவளுக்குச் சரியாவவும், மூணாவது தெருவுல ஒரு பெரியவரு. பாவம், அவரு போயிட்டாரு. மறுநாளே கழுவி எடுத்துட்டேன். இப்ப அம்பாசமுத்திரத்துல மீன்கடை வச்சிருக்கா பாருங்க, அவ ஆத்தாளுக்குக் குடுத்துருக்கு."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா என்ன செய்வீய? வண்டி வச்சு பாளையங்கோட்டைக்குக் கொண்டு போவீய. பொறவு அதே வண்டிய வச்சு இங்கனயே கொண்டு வருவீய. வெயில்ல நீங்க எதுக்கு அலையணும்னுதான் நானே பாத்துக்கிட்டேன்."

பாய் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார். நான் விதிமுறையைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மாள் கருப்பட்டிக் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டார். சூடான டம்ளரைப் பிடித்துக்கொண்டு விதிமுறை பேச வராது.

"இப்ப யாருக்கு வேணும்?" என்று கேட்டார்.

"எங்க தலைவருக்குத்தான். விழுந்துட்டாரு."

"யாரு, அந்த மூணுமாசக்காரரா? அய்யய்யோ! எப்படி விழுந்தாரு?"

தரை வழுக்கிவிட்டது என்று நான் சொல்ல, பாய் நடந்ததைச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். கண் கலங்கியிருந்தது. அழுதாரா சிரித்தாரா என்று நான் கேட்கவில்லை.

அம்பாசமுத்திரத்தில் மீன்கடைக்காரப் பெண் வேலையாக இருந்தார். செதிலைச் சுரண்டிக்கொண்டே பேசினார். பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து ஈயை விரட்டிக்கொண்டிருந்த ஆச்சிதான் எங்கள் கட்டிலில் படுத்திருந்த நோயாளியாம். "எனக்கென்ன, காலு வழங்கிருச்சு, நல்லா நடக்கேன்" என்று அவரே சொன்னார்.

"சந்தோசம் ஆச்சி. கட்டில் எங்க?"

"கட்டில் மீன்வண்டியில போயிருச்சே" என்றார் மகள். "புன்னக்காயல்லருந்து எங்களுக்கு மீன் கொண்டு வருத டிரைவரோட மாமனாரு, போட்டுலருந்து எறங்கையில வழுக்கி விழுந்து முதுகுல அடி. வண்டி திரும்பிப் போவையில சும்மாத்தான போவுது? ஐஸ்பெட்டி மேல ஏத்திக் கெட்டி அனுப்பிட்டேன்."

மேற்கே மலையடிவாரத்தில் கொடுத்த கட்டில் கிழக்கே கடலோரம் போய்ச் சேர்ந்துவிட்டது. நாங்கள் நடுவில் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து விதிமுறை எழுதிக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் தலைவரிடம் சேதி சொன்னேன். கைமாறியது, மறுபடி கைமாறியது என்று சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது. புன்னக்காயல் என்றதும் எழுந்து உட்காரப் பார்த்தார். நர்ஸ் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்.

"புன்னக்காயலா? அது தூத்துக்குடி மாவட்டம்லா! மாவட்டம் தாண்டிப் போயிருக்கு! யாரு அனுமதி குடுத்தா?"

"மீன்வண்டி டிரைவர்" என்றார் பாய்.

"நாளைக்கே போயி எடுத்துட்டு வாங்க. நான் திங்கக்கெழம வீட்டுக்குப் போவணும்."

ஞாயிற்றுக்கிழமை நான் காலை ஆராதனையை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. எங்கள் ஊர் வழியாக வருகிற ஆறு கடலில் கலக்கிற ஊர் புன்னக்காயல். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே பூசை முடிந்து சனம் கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தது. டிரைவர் எங்களைத் தம் மாமனார் வீட்டுக்குக் கூட்டிப் போனார். முன்னறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில் கிடந்தது. ஜவுளிக்கடைக் குடும்பம் மொத்தமும் தலைமாட்டில் அழியாமல் இருந்தது. பெயின்ட் மட்டும் உப்புக்காற்றில் அங்கங்கே பொரிந்திருந்தது. கட்டிலில் நல்ல உயரமும் அகலமுமான ஒரு மனிதர் படுத்திருந்தார். கால் இரண்டும் கால்மாட்டுப் பலகையில் முட்டிக்கொண்டிருந்தன.

நாங்கள் யார் என்று மருமகன் சொல்லவும் அவர் முகம் மலர்ந்தது. "வாங்க டீச்சர், உக்காருங்க. இத எழுதுன டாக்டர் எந்த ஊருக்காரரு?" என்று கால்மாட்டைக் காட்டினார்.

"டாக்டரா? அது..."

"மூணு மாசத்துல திருப்பித் தரவும்னு எழுதிருக்காரே. அப்ப மூணு மாசத்துல நான் எந்திச்சிருவேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. இங்கன உள்ள டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்காரு. பாப்போம் பாப்போங்காரு. நான் காலையில முழிச்சதும் இந்த எழுத்தத்தான் பாப்பேன். பாத்துட்டு வெரல அசைப்பேன். இன்னா பாருங்க."

வலதுகால் பெருவிரல் லேசாக அசைந்தது. ரொம்ப லேசாக. அவர் நெற்றியில் வியர்த்துவிட்டது. நாங்கள் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எங்கள் முகத்தைப் பார்த்தார். "நல்லா அசையுது அண்ணாச்சி" என்றார் பாய்.

அவருடைய மனைவி வாசலில் நின்ற வண்டியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய் ஒரு கோரைப்பாயை எடுத்துவந்து தரையில் விரித்தார். கணவரின் தலைமாட்டுத் தலையணையைத் தட்டிச் சரிசெய்வதுபோலத் தொட்டுக்கொண்டு, "எடுத்துட்டுப் போங்க டீச்சர். ஒங்க சாமான்தான. இவர நான் தரையில வச்சுப் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அந்த மனிதர் எங்கள் யாரையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செல்போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். தலைவரைக் கூப்பிட்டு, கண்ணில் கண்டதை அப்படியே சொன்னேன். பலகையில் எழுதியதை அந்த நோயாளி டாக்டர் வாக்காக நினைத்திருப்பதையும் சொன்னேன். இரைவார் என்று போனைக் காதிலிருந்து தள்ளியே வைத்திருந்தேன். மெல்லிய குரல்தான் வந்தது. போனைக் காதோடு ஒட்டிக்கொண்டேன்.

"முதுகுல புண்ணு இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சார். அந்தம்மா நல்லாப் பாத்துக்கிடுதாங்க."

"உப்புக்காத்துல கைப்பிடி எறுகிப் போயிருக்குமே. சுத்துதா?"

"பாக்கல சார்."

"பாக்காம என்ன செஞ்சீங்க? எண்ணெய் போட்டுட்டு வாங்க. அப்புறம் அவங்ககிட்டச் சொல்லிருங்க, இன்னைக்குத் தேதியிலருந்து மறுபடி மூணு மாசம்னு."

"சார், மாவட்டம்?"

"நம்ம ஆத்துத் தண்ணியத்தான குடிக்காங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பாய் தேங்காயெண்ணெய் வாங்கிப் போட்டு, தரையில் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி இளக்கினார். நான் அந்த அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் விரித்த கோரைப்பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். போன வேகத்தில் இரண்டு பெரிய பாறை மீன்களோடு திரும்பி வந்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. ஏரலில் ஒரு பை வாங்கும்வரைக்கும் மீன் என் மடியில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சேலையும் அதோடு போயிற்று.

தலைவருக்குக் கட்டில் இல்லாமல் போய்விடவில்லை. அவருடைய சொந்தத் தேக்குக் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே ஆசாரியைக் கொண்டு செங்கல் அடுக்கினோம். பாய் கடையிலிருந்து சாய்வாக ஒரு மெத்தை தைத்துக் கொண்டுவந்தார். தலைவர் அதில் படுத்த முதல் நாளே வலதுபக்கச் செங்கல் இடதுபக்கத்தைவிடக் கொஞ்சம் உயரம் என்று கண்டுபிடித்துச் சொன்னார். அளந்து பார்த்தோம். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் திருப்திக்காக ஆசாரி ஒரு செங்கல்லை எடுத்துவிட்டு அதே செங்கல்லைத் திரும்ப வைத்தார். "இப்பத்தான் சரி" என்றார் தலைவர்.

படுத்துக்கிடந்த அந்த நாட்களில் அவரிடம் நோயாளிக்கு உண்டான எல்லாக் குணமும் வந்து சேர்ந்தது. தண்ணீர் கேட்பார். கொண்டுபோனால் ஏன் இவ்வளவு என்பார். ஒருநாள் மட்டும் என்னிடம் மெதுவாக, "டீச்சர், படுத்திருக்கவனுக்கு எதுத்தாப்புல அப்படி எழுதிருக்கக் கூடாது, என்ன?" என்றார். போர்வையை இழுத்துவிட்டேன்.

அடுத்த வாரத்தில் ஒருநாள் தெருவிலேயே குரல் கேட்டது. விக்கிரமசிங்கபுரத்து அம்மாள் கணவரோடு பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் ஒரு சீப்பு நாட்டுப்பழம்.

"எங்க எங்க மூணுமாசக்காரரு?"

தலைவர் போர்வையை மார்புவரை ஏற்றிக்கொண்டார். அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நலம் விசாரித்தார். விசாரித்துக்கொண்டே பழத்தை உரித்து அவர் கையில் கொடுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "எங்க பக்கம் ஆளுக அடிக்கடி கேக்காக. ரெண்டு கட்டிலும் ஒரு சக்கர நாற்காலியும் அங்கனயே போட்டு வச்சுருங்க. மணிமுத்தாறு, பாபநாசம் பூராத்துக்கும் நான் பாத்துக்கிடுதேன்."

"அப்படியெல்லாம் குடுக்க முடியாதும்மா. எல்லாம் விதிப்படிதான் நடக்கணும்."

"விதிப்படி நடந்துதான விழுந்து கெடக்கீய?"

பாய் வெளியே போய்விட்டார். அந்த அம்மாளின் கணவரும் அவரைத் தொடர்ந்து போனார். தலைவர் பழத்தை மென்றுகொண்டு கூரையைப் பார்த்தார். கருவூலத்தில் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவர் அவர். இந்த அம்மாளைத் திருப்பி அனுப்ப அவரிடம் வழியில்லை. அந்த அம்மாள் கிளம்பும்போது, "யோசிக்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை அன்றுதான் கேட்டேன்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. புன்னக்காயல்காரர் இப்போது எழுந்து நிற்கிறார். வாக்கரைப் பிடித்து வாசல்வரை வருகிறார். மூன்று மாதத்தில் நடக்கவில்லை, அதைவிட ரொம்ப நாள் ஆயிற்று. கடலுக்குப் போக முடியுமா என்பது தெரியவில்லை. அவர் போய்விடுவேன் என்றுதான் சொல்லுகிறார். கட்டிலைத் திருப்பி அனுப்புவதாகப் போன் செய்தார்கள். அதற்குள் அது காயல்பட்டினத்தில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டது என்று கேள்வி. நாங்கள் தேடவில்லை.

விக்கிரமசிங்கபுரத்தில் இரண்டு கட்டிலும் ஒரு சக்கர நாற்காலியும் போட்டாயிற்று. போன மாதம் எங்கள் கூட்டத்தைக்கூட அங்கேதான் நடத்தினோம். அந்த அம்மாள் பாளையங்கோட்டைக்கு வர முடியாது, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். தலைவர் கைத்தடியோடு குட்டியானையில் முன்சீட்டில் ஏறினார். நானும் நிகழ்ச்சி நிரலும் நடுவில் ஒடுங்கிக்கொண்டோம். உதவி பெற்ற வீடுகளில் தொண்டர்கள் கை நனைக்கக் கூடாது என்று அவர் போட்டு வைத்திருந்த விதியைப் போகும் வழியெல்லாம் எங்களுக்கு நினைவூட்டிக்கொண்டே வந்தார்.

கூட்டம் தொடங்கியது. முதல் பொருளை அவர் வாசிப்பதற்குள் இலை போட்டுவிட்டார்கள். உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல். தலைவர் என்னைப் பார்த்தார். நான் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாயைப் பார்த்தார். பாய் பிஸ்மி சொல்லிச் சாப்பிடத் தொடங்கியிருந்தார். தலைவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில், "அம்மா, அந்தத் துவையல் இன்னும் கொஞ்சம் இருக்குமா?" என்று பணிவாகக் கேட்டார்.